கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு யார் துணை?

(காஜாங் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லண்டன் மாநகரிலே 1885-ம் ஆண்டில் யூதர்கள் ஒரு தற்காலிகப் புகலிடம் நிறுவினார்கள். ரஷ்யாவிலே கொடுமை பொறுக்காமல் கப்பலேறி வந்த ஏழை யூதர்களுக்கு அங்கே இரண்டு வாரம் வரை தங்க இடமும் உணவும் கிடைத்தன. புகலிடத்து ஆட்கள் துறைமுகத்துக்கே போய், மொழி தெரியாதவனை மோசம் செய்யக் காத்திருந்த தரகர்களிடமிருந்து மீட்டு அழைத்து வருவார்கள். செலவை ஏற்றவர்கள், முன்னரே குடியேறி வசதி கண்ட யூதர்கள்.

நம்மவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது துணை யார்? ஆள் பிடித்தவரும் கங்காணி, கூட வந்தவரும் கங்காணி!

இந்தக் காஜாங்கில்தான் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890-களில் இஞ்ச் கென்னத் தோட்டத்திலே ரப்பர் நட்டார்கள். பிறகு நாடெங்கும் ரப்பர் பரவியது, ஆள் தேவைப்பட்டது. 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி சட்டப்படி உண்டாயிற்று. பெயரைக் கேட்டால் தருமம் போலத் தோன்றும். தருமமல்ல, தோழர்களே! ஒரு துரை செலவு செய்து ஆள் கொண்டு வந்தால், பக்கத்துத் தோட்டத்துத் துரை அவர்களை இழுத்துக்கொள்வார். அந்தச் சண்டை தீர, தமிழரை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லோருமே தலைக்கணக்கில் வரி கட்டினார்கள். அதிலிருந்துதான் நம் பாட்டன்மாரின் கப்பல் கட்டணம் போயிற்று.

1930-ல் ரப்பர் விலை சரிந்ததும், அதே நிதியிலிருந்து சீட்டு எடுத்துப் பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். வரவழைக்கவும் அதே பெட்டி, துரத்தவும் அதே பெட்டி!

1958-ல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று மாறித் தொழிலாளர் நலனுக்கென ஆனது. அந்த நன்மையை மறைக்க வேண்டாம். ஆனால் 1999-ல் அந்நிதி கலைக்கப்பட்டது; பணமும் சொத்தும் அரசாங்கத்திடம் சேர்ந்தன. நம் பெயரில் இருந்த பெட்டிக்குச் சாவி நம் கையில் இருந்ததில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-ல் வி. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். மரம் சீவுகிறவருக்கு அது அன்று சில நாள் கூலி. கட்டினார்கள்! மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அங்கே பங்கு தொழிலாளியின் பெயரில். பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம்.

உங்கள் அப்பாவோ பாட்டியோ அன்று கட்டிய பங்கின் சீட்டு தகரப் பெட்டியில் கிடக்கக்கூடும். வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். வாரிசு பெயர் பதிவாகாமல் இருந்தால், கிராணிமார்களே, மனு எழுத நீங்கள் கைகொடுக்க வேண்டும்.