கப்பலேற்றப்பட்டவர்



திருத்தணி மலையடிவாரத்தில் பேசுகிறோம் என்பதால் படியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த 365 படிகளுக்கும் டிசம்பர் 31 இரவில் படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடி ஏறும் வழக்கத்தை உண்டாக்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டு விடிந்ததும் எலுமிச்சம்பழத்தோடு துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்களே, அதற்குப் பதிலாக நம் துரையான தணிகைநாதனைப் பார்க்கலாமே என்பதுதான் அவருடைய எண்ணம். நானும் இன்று ஒரு துரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வெள்ளைத் துரையைப் பற்றியல்ல, துரைச்சாமியைப் பற்றி.

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு முதல் வைத்துவிட்டுப் போன ஆசிரியர் திருத்தணி எல்லைப் போராட்டக் காலத்தைக் கண்ணால் கண்டவர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காக இந்த ஊர்த் தெருக்களில் நின்று சிறைப்பட்டவர் ம.பொ.சி. வ.உ.சி.க்குக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று பெயர் நிலைத்ததும் அவர் நூலால்தான். அந்த வ.உ.சி.க்கு 1908இல் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை என்ன? இரட்டைத் தீவாந்திரம். மேல்முறையீட்டில் அது குறைந்ததால் கோவை, கண்ணனூர்ச் சிறைகளோடு முடிந்தது, கடல் கடக்கவில்லை. ஆக, கப்பல் ஓட்டியவரை நமக்குத் தெரியும். கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்?

கடல் கடந்த தீவுக்கு நாடு கடத்துவதைக் குறித்த தீவாந்திரம் என்ற சொல்லே இப்போது வழக்கொழிந்துவிட்டது. என் பாட்டி, கண்ணில் படாமல் போனவரைத் ‘தீவாந்தரத்துக்குப் போயிட்டானா?’ என்று கேட்பார். அந்தக் கேலிக்குள் எவ்வளவு பெரிய அச்சம் உறைந்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்தத் தண்டனையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது இங்கிலாந்து. துணி திருடியவர்களையும் ஆடு திருடியவர்களையும் ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் தொகுதி 1788 ஜனவரி 26 அன்று சிட்னித் துறையில் கொடி நாட்டியது.   1868 வரை சுமார் 1,62,000 பேர் அப்படி ஆஸ்திரேலியா போனார்கள். அவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. ஒழுங்காக நடந்தால் விடுப்புச் சீட்டு கிடைக்கும். தண்டனை முடிந்தவர்களில் பலர் நிலபுலனோடு குடித்தனக்காரர் ஆனார்கள். கிழக்கிந்தியக் கும்பினி அதே முறையை இந்தியாவில் எடுத்தாண்டபோது, பென்கூலன், பினாங்கு, பிறகு சிங்கப்பூர் என்று தன் கடல்கடந்த குடியிருப்புகளுக்குக் கூலியில்லாத ஆட்களைத் தேடிக்கொண்டது. தண்டனை பாதி, வேலைவாங்கல் பாதி.

1801க்கு வருவோம். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில், கும்பினியை எதிர்த்துப் போரிட்ட சிவகங்கை மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் குடும்பத்து ஆண்களும் தப்பவில்லை. எஞ்சியவர் சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமி. வயது பதினைந்தை ஒட்டி. அவரையும், வாராப்பூர் பொம்ம நாயக்கரையும், இன்னும் ஏறத்தாழ எழுபது பேரையும் தூத்துக்குடியில் அடைத்து வைத்து, 1802 பிப்ரவரி 11 அன்று ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். கப்பல் போய்ச் சேர 76 நாள் ஆயிற்று. அந்த வயதுப் பையனுக்கு அந்த 76 நாள் எப்படி இருந்திருக்கும் என்று எழுதி வைக்க ஆளில்லை.

இதில் பலவற்றை நாம் அறிவது ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரியின் நினைவுக் குறிப்புகளால். வேடிக்கையான மனிதர். இளம் வயதில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பெரிய மருது ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைப்பார் என்று வியந்து எழுதியவரும் அவரே. பிறகு அந்த மருதுகளை வேட்டையாடிய படையிலும் இருந்தார். துரைச்சாமி தூத்துக்குடியில் இருந்தபோது காவல் பொறுப்பும் வெல்ஷிடம்தான். குருவின் மகனுக்குச் சிஷ்யன் காவலாளி.

1818இல் வெல்ஷ் பினாங்கு போகிறார். அங்கே தளர்ந்து குலைந்த ஒரு கிழவர் எதிரே வந்து நிற்கிறார். யார் என்று கேட்டால், துரைச்சாமி என்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது துரைச்சாமிக்கு முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இருக்க முடியாது. பதினாறு ஆண்டுத் தீவு வாழ்க்கை, பையனாகப் போனவரை இளைஞனாகக்கூட நிறுத்தாமல் நேராகக் கிழவராக்கியிருக்கிறது. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் தாம் பட்ட வேதனையை வெல்ஷ் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காக அவரை நான் மதிக்கிறேன். அதற்கு மேல் மதிக்க என்னால் முடியவில்லை.

ஏனென்றால், துரைச்சாமி விடுதலை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகச் சொன்னார். கைதியின் கடிதத்தை வாங்கக் கூடாது என்பது விதி. வெல்ஷ் மறுத்துவிட்டார்.

அந்த ஆண்டு பினாங்கின் ஆளுநர் யார் தெரியுமா? ஜான் அலெக்ஸாண்டர் பானர்மன். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே மேஜர் பானர்மன்தான். தூக்குமரம் நட்டவரே, கப்பலேற்றப்பட்டவர்களின் தீவுக்கும் அதிகாரியாக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1819இல், அங்கேயே இறந்தும் போனார்.

தூக்கில் தொங்கியவர்களுக்கு நாம் சிலை வைத்தோம், படம் எடுத்தோம், பள்ளிப் பாடத்தில் சேர்த்தோம். நியாயம்தான். ஆனால் தூக்குமரத்துக்கு ஓர் ஊர் உண்டு, ஒரு நாள் உண்டு, நின்று பார்த்த கூட்டம் உண்டு. தீவாந்திரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்ட முதல் கைதிகள் எண்பது பேரும் சென்னையிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். இன்றும் அங்கே நிற்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகளின் கை. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டியைப் போன்ற பழுப்புச் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த பூச்சு. ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்பது அதன் பெயர். ஊரின் பெயர் சுண்ணாம்புக்குக் கிடைத்தது. பூசியவருக்கு எண்தான் கிடைத்தது.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த வாங்கப்படாத கடிதத்தைத்தான். யார் பெயருக்கு எழுதியிருப்பார்? சின்ன மருதுவின் சிறுவயல் அரண்மனை 1801 போரிலேயே எரிந்துபோயிற்று. தகப்பனும் பெரியப்பனும் அண்ணன்மாரும் திருப்பத்தூரில் முடிந்தார்கள். பதினாறு ஆண்டு கழித்தும் அந்த வீட்டில் தன் எழுத்தைப் படிக்க யாரோ ஒருவர் இருப்பார் என்று நம்பித்தான் அவர் கேட்டிருக்கிறார்.