இல்லாத நூலின் கதை

அராபியப் பித்தன் ஒருவன் தமஸ்கு நகரிலே கி. பி. 730 ஆம் ஆண்டளவில் ஒரு நூல் எழுதினான். மனிதர் அறியத் தகாத மறைபொருள்கள் அதிலே கூறப்பட்டிருந்தன. எட்டாண்டுகளின் பின், கண்ணுக்குப் புலனாகாத பூதமொன்று பட்டப்பகலிலே அவனை விழுங்கிற்று. 950 இல் நூல் கிரேக்கத்திற் பெயர்க்கப்பட்டு நெக்ரோனொமிக்கன் என்னும் பெயரைப் பெற்றது. 1228 இல் இலத்தீன் மொழிபெயர்ப்புத் தோன்றியது. 1232 இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் அதற்குத் தடை விதித்தார்.

இத்துணை விவரங்களையும் கேட்ட ஒருவர், நூல்நிலையத்துக்குச் சென்று அந்நூலைத் தருமாறு கேட்பாராயின் அதில் வியப்பில்லை. அவ்வாறு கேட்டவர் உண்மையிலேயே இருந்தனர். அவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். அப்படியொரு நூல் எக்காலத்திலும் எழுதப்படவில்லை.

அதனைக் கற்பித்தவர் ஹவாட் பிலிப்ஸ் லவ்கிராவ்ற் என்னும் அமெரிக்க எழுத்தாளர். 1890 இல் றோட் ஐலண்ட் மாநிலத்துப் புறொவிடன்ஸ் நகரிலே பிறந்தவர். ‘வியர்ட் டேல்ஸ்’ போன்ற மலிவுச் சஞ்சிகைகளிலே திகிற்கதைகள் எழுதினார். சிறுவயதில் ஆயிரத்தோர் இரவுக் கதைகளைப் படித்து, அராபியனாக வேடம் பூண்டு விளையாடியபோது தமக்கு வைத்துக்கொண்ட அப்துல் அல்ஹஸ்ரட் என்னும் பெயரையே பின்னாளில் அப்பித்தனுக்குச் சூட்டினார். அராபிய இலக்கணம் அறிந்தோர் இப்பெயரைக் கேட்டவுடனே நகைப்பர். ‘அல்’ என்னும் சுட்டு அதிலே இருமுறை வந்துவிட்டது!

லவ்கிராவ்றின் நடையிலே அடைமொழிகள் அளவுக்கு மிஞ்சியே இருக்கும். ஆனால், 1927 இல் அவர் எழுதிய இந்நூலின் ‘வரலாறு’ வேறு வகையானது. அங்கே அவர் பதிவேடு எழுதும் எழுதுவினைஞரைப் போல ஆண்டையும் பெயரையும் மட்டுமே குறித்துச் செல்கின்றார். அவற்றுட் பல மெய்ப்பெயர்கள். கிரகோரியார் உண்மையாகவே 1232 இல் பாப்பரசராக இருந்தவர். நூலின் படிகள் உள்ள இடங்களாகப் பிரித்தானிய நூதனசாலை, பாரிஸ் தேசிய நூல்நிலையம், ஹாவட், புவனஸ் அயர்ஸ் சர்வகலாசாலைகள் ஆகியவற்றைக் கூறி, அவற்றின் நடுவே மிஸ்கற்றோனிக் என்னும் சர்வகலாசாலையையும் நுழைத்துவிட்டார். அது அவர் கற்பனையிலே மட்டும் உள்ளது. நான்கு மெய்யின் நிழலிலே ஒரு பொய் எளிதாக ஒதுங்கிக்கொள்ளும். இலத்தீனில் மொழிபெயர்த்ததாக அவர் கூறும் ஒலாவுஸ் வோர்மியுஸ் 1588 இற் பிறந்த டென்மார்க்கு மருத்துவர். அவரை 360 ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அந்தத் தவறுகூட நம்பினோரின் கண்ணிற் படவில்லை.

நண்பர்களும் இவ்விளையாட்டிற் சேர்ந்துகொண்டனர். கிளாக் அஷ்ரன் ஸ்மித், றொபேட் ஹவாட், றொபேட் புளொக் ஆகியோர் தத்தமக்கு ஒவ்வொரு மறைநூலைக் கற்பித்தனர். ஒருவர் கதையிலே மற்றவர் நூல் சான்றாக வந்தது. பலர் ஒரே நூலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும்போது, வாசகன் நம்பாமல் என்ன செய்வான்?

லவ்கிராவ்ற் தெய்வத்தையோ பேயையோ மந்திரத்தையோ நம்பாதவர். உலகம் சடப்பொருளின் இயக்கமே என்னும் கொள்கையினர். நூல் எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கேட்டவர்களுக்கு, அது தம் கற்பனையே என மறைக்காமல் விடையெழுதினார். பிறர் தேடி அலைந்தது அவருக்கு வருத்தமாகவே இருந்தது. அந்நூலை எவரேனும் எழுத முயன்றால், அதன் பெயரைக் கேட்டு நடுங்கியவர்கள் ஏமாற்றமே அடைவர் என்பதும் அவர் கருத்து.

அவர் காலத்தின் பின் அம்முயற்சி நடந்தேறியது. 1977 இல் நியூயோர்க்கிலே, ‘சைமன்’ என்னும் புனைபெயரோடு, சுமேரியத் தெய்வப் பெயர்களைக் கலந்து ஒரு நெக்ரோனொமிக்கன் வெளிவந்தது. 1980 இலிருந்து மலிவுப் பதிப்பாகவும் பரவியது. 1978 இல் வெளிவந்த இன்னொன்று வேடிக்கையாகச் செய்யப்பட்டதென, அதிலே பங்குகொண்ட கொலின் வில்சன் பிற்பாடு ஒப்புக்கொண்டார். எல்லாவற்றிலும் விந்தையானது ஆங்கில மாந்திரீகர் கென்னத் கிராண்ட் கூறியது. லவ்கிராவ்ற் தம்மை அறியாமலே கனவிற் கண்ட மெய்யைத்தான் எழுதினார் என்றார் அவர். இனி லவ்கிராவ்ற் எழுந்துவந்து மறுத்தாலும் பயனில்லை. மறுப்பே அவருடைய அறியாமைக்குச் சான்றாகிவிடும்.

அவர் வாழ்நாளிலே நூலுருவில் விற்பனைக்கு வந்த அவருடைய கதை ஒன்றேயொன்று. 1936 இல் வெளிவந்த அந்நூலில் ஏறத்தாழ 200 படிகளே கட்டடம் செய்யப்பட்டன, அச்சுப்பிழைகளும் மலிந்திருந்தன. அடுத்த ஆண்டு மார்ச் 15 ஆம் திகதி, குடற்புற்றுநோயால், 46 ஆவது வயதிலே வறியவராய் இறந்தார்.