குவளைத் தண்ணீரில் ஒரு கீரைத் தோட்டம்



ஈரச்சந்தைக்குப் போகிறவர்கள் இந்தக் கீரையைப் பார்த்திருப்பார்கள். சின்னச் சின்ன வட்ட இலைகள், உள்ளே துளையுள்ள மெல்லிய தண்டு, கணுக்களில் நூல் போன்ற வெள்ளை வேர்கள். ஆங்கிலத்தில் இதற்கு வாட்டர்கிரஸ் என்று பெயர். சீனக் கடைக்காரரிடம் 'சாய் யோங் சோய்' என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார். மேல்நாட்டுக் கீரை என்பது அதன் பொருள். சீனர் வீடுகளில் இதை எலும்போடும் சிவப்புப் பேரீச்சையோடும் நெடுநேரம் கொதிக்க வைத்து சூப் செய்வார்கள். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தாலும் சுவையாகவே இருக்கும்.

இது கடுகுக் குடும்பத்துச் செடி. பச்சையாக மென்றால் நாக்கில் சுருக்கென்று ஒரு காரம் தெரியும். 2014ஆம் ஆண்டு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழில் 41 காய்கனிகளைச் சத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்தினார்கள். அதில் 100க்கு 100 பெற்று முதலிடம் பிடித்தது இந்தக் கீரைதான்.

இதை அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். பாட்டி சந்தையிலிருந்து ஒரு கட்டுக் கீரை வாங்கி வருகிறார். சமைத்தது போக மிஞ்சிய நான்கு தண்டுகளைக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றிச் சன்னலோரம் வைக்கிறார். சில நாள்களில் புது வேர் விடுகிறது. பேத்திக்கு ஒரே குதூகலம். பள்ளி விடுமுறை வருகிறது. குடும்பம் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்புகிறது. கீரை தளதளவென்று நிற்கிறது. குவளைக்குள் எட்டிப் பார்த்த பேத்தி, "பாட்டி, ஏதோ நெளியுது!" என்கிறாள்.

அவை கொசுப் புழுக்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் குளம் குட்டை தேவையில்லை. வீட்டுக்குள் தேங்கும் சுத்தமான தண்ணீர் கொஞ்சம் இருந்தால் போதும். இந்த வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான்.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தேசியப் பூங்காக் கழகம் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இலவசக் காய்கறி விதைகளை அனுப்பியது அந்த ஆண்டில்தான். இங்கே 35,000க்கும் மேற்பட்டோரை டெங்கி தாக்கியதும் அதே ஆண்டில்தான். வீட்டில் பயிர் வளர்ப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அப்படியானால் பாட்டி குவளையைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா? வேண்டாம். இந்தச் செடியின் இயல்பைப் புரிந்துகொண்டால் போதும்.

வாட்டர்கிரஸ் ஓடும் நீரில் வளரும் செடி. இங்கிலாந்தில் 1808இல் வில்லியம் பிராட்பெரி என்பவர் இதை முதன்முதலாக வணிகப் பயிராக்கியபோது, ஊற்றுநீர் ஓடும் இடத்தையே தேர்ந்தெடுத்தார். மலேசியாவில் குளிர்ச்சியான கேமரன் மலையில் இது நன்றாக வளர்கிறது. தேங்கிய நீர் நாளாக ஆகச் செடியின் வேர் அழுகும். அதே தேங்கிய நீர்தான் கொசுவுக்கு வசதி. ஆகவே செடிக்காகத் தண்ணீரை மாற்றினால், அதுவே கொசுவையும் தடுத்துவிடும்.

முறை எளிது. வாடாத தண்டுகளாகப் பார்த்து ஒரு விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணுக்கள் நீரில் மூழ்கும்படி குவளையில் வையுங்கள். கண்ணாடியில் பாசி பிடிக்காமலிருக்க வெளிப்புறம் ஒரு காகிதத்தைச் சுற்றிவிடலாம். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதங்கள் தாக்குப் பிடிக்கும். எனவே குவளையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேர்களையும் நன்றாக அலசிவிடுங்கள்.

வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் மண் தொட்டிக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. நீருக்குள் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் செடிக்கு இல்லை. மண் எப்போதும் ஈரமாக இருந்தால் போதும். காலையும் மாலையும் நீர் ஊற்றுங்கள். அடித்தட்டில் வடியும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். மண் இறுகி மேலே தண்ணீர் நின்றால் கிளறிவிடுங்கள். உண்ணும் செடி என்பதால் பூச்சிமருந்து வேண்டாம்.

காலை வெயில் படும் சன்னல் நல்ல இடம். நண்பகல் வெயில் ஆகாது. தொட்டியைச் சன்னலுக்கு உட்புறமே வையுங்கள். வெளி விளிம்பில் வைத்தது கீழே விழுந்தால் யாருடைய உயிருக்கும் ஆபத்தாகலாம். வெப்பம் அதிகமானால் இலை சிறுத்து, வெள்ளைப் பூப் பூத்து, கசப்பு ஏறும். அதற்குள் நுனிகளைக் கணுவுக்கு மேலே கிள்ளி எடுத்துவிட்டால் பக்கக் கிளைகள் துளிர்க்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆற்றோரத்திலும் ஓடையிலும் தானாக வளர்ந்திருப்பதைப் பறித்துப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. ஆடு மாடு மேயும் இடங்களில் கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழு அதில் ஒட்டியிருக்கக்கூடும். நன்றாகச் சமைத்தால்தான் அது சாகும். அடுத்து, இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இந்தக் கீரையைச் சேர்க்க வேண்டும். இதில் வைட்டமின் கே நிறைய உண்டு. அது மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.

சன்னலோரத் தொட்டி சந்தைச் செலவை மிச்சப்படுத்திவிடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கிடைத்தால் அதிகம். ஆனால் அந்தப் பேத்தி தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் குவளையைக் கழுவித் தண்ணீர் மாற்றப் பழகிவிட்டால், அதுவே பெரிய விளைச்சல். பூச்சாடி, வாளி, அடித்தட்டு என்று மற்றவற்றின் மீதும் அவள் பார்வை தானாகப் போகும்.

குடும்பம் ஊருக்குப் போவதாக இருந்தால் என்ன செய்வது? கீரையைக் கிள்ளிக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள். குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் சந்தையில் இன்னொரு கட்டு வாங்கிக்கொள்ளலாம்.