பழைய கதை ஒன்று கேளுங்கள்



முதியோர் இல்லத்துக்கு மருத்துவராகச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள், "இருந்து கதைச்சிட்டுப் போங்கோ பிள்ளை" என்பதே.

மறதி நோயில் காலையில் சாப்பிட்டது முதலில் மறந்துபோகும். இளமைக்கால நினைவுகள் நெடுநாள் நிற்கும். தோசை சுட்டு ஐந்து பிள்ளைகளைப் படிப்பித்த அம்மா, குளிசையின் பெயர் மறந்தாலும் உழுந்தின் அளவைப் பிசகாமல் சொல்வார். "நாங்கள் வெந்தயமும் போடுவம்" என்று அடுத்த கட்டிலில் இருப்பவர் வாதிடுவார். விறாந்தையே கலகலக்கும்.

முதியோர் உரிமைகள் பற்றிய 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதிக்கிறது. கதை கேட்கச் சட்டம் கட்டாயப்படுத்தாது. தொலைபேசியில் அழைக்கும்போது "குளிசை போட்டியளா?" என்பதோடு நிறுத்தாமல், பழைய கதை ஒன்றும் கேளுங்கள். எமக்குக் கற்பித்த ஆசிரியைகள் பலரும் இன்று அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.