மொழிக்கூடும் நம்ம மாலைப்பள்ளியும்



'தாய்மொழிக் கல்வி' என்று யாராவது மேடையேறினால் நம்ம ஆட்களுக்குச் சந்தேகம் வருகிறது. நியாயம்தான். தன் பிள்ளையைக் கான்வென்டில் விட்டுவிட்டு வந்து நமக்குத் தமிழ் ஊட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாச்சு. அதனால் இந்தக் கோரிக்கையைக் கீழேயிருந்து எழுப்பியவர்களைப் பற்றிப் பேசுகிறேன். நியூசிலாந்தின் மவோரி மக்கள்.

1867இல் வந்த சுதேசிப் பள்ளிகள் சட்டம் மவோரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைப் பாடமொழியாக்கியது. பிறகு பள்ளிக்குள் தன் பேச்சைப் பேசிய குழந்தைக்குப் பிரம்படி. அடி வாங்கின தலைமுறை, தன் பிள்ளைக்கும் அடி விழக்கூடாதுன்னு வீட்டிலேயும் ஆங்கிலத்துக்கு மாறியது. பிழைப்புக்காக நகரத்துக்குப் போனதில் மிச்சமும் தேய்ந்தது.

1972இல் 'ஙா டமடோவா' என்ற இளைஞர் அமைப்பும் மாணவர்களும் முப்பதாயிரத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி, பள்ளியில் தங்கள் மொழி வேண்டுமென்று நாடாளுமன்றத்தில் கொடுத்தார்கள். அதே ஆண்டில்தான் பம்பாயில் தலித் பாந்தர்கள். முந்தின ஆண்டு ஆக்லாந்தில் பாலினீசியன் பாந்தர்கள். இரண்டு பேருக்கும் பெயர் வந்தது அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து. ஆக்லாந்துப் பாந்தர்கள் வீட்டுப்பாட மையங்கள் நடத்தினார்கள், நம்ம மாலைப்பள்ளி மாதிரி.

1982இல் வெலிங்டன் பக்கத்தில் வைனுயோமாட்டாவில் முதல் 'கோஹங்கா ரேயோ'. மொழிக்கூடு என்று பொருள். பள்ளி வயதுக்கு முந்தின குழந்தைகள். கூட்டுக்குள் மவோரி மட்டுமே. அங்கே ஆசான்கள் நாக்கில் மொழி மிச்சமிருந்த பாட்டி தாத்தாக்கள். சான்றிதழ் யார் கேட்டது? ஆனால் கூட்டை விட்ட குழந்தை ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் பேச்சை மறந்தது. எனவே 1985இல் மேற்கு ஆக்லாந்தில், ஹோனி வைடிடி என்கிற சமூகக்கூடத்தில், தாங்களே தொடக்கப்பள்ளி திறந்துவிட்டார்கள். 1987இல் மவோரி ஆட்சிமொழியானது. அந்தப் பள்ளிகளுக்குக் கல்விச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1989இல். பள்ளி முதலில், சட்டம் பின்னால். கவனிங்க.

நமக்கு இது அப்படியே பொருந்தாது. ஆங்கிலம் அவர்கள்மேல் திணிக்கப்பட்டது, நமக்கு மறுக்கப்பட்டது. அதை நாம் விடப்போவதில்லை. ஆனால் பள்ளித்தமிழ் நம்ம சேரிப்பேச்சைக் 'கொச்சை'ன்னு திருத்துகிறதே, அந்தப் பிரம்பை நமக்கு நல்லாத் தெரியும். பாமாவின் 'கருக்கு' 1992லேயே நம்ம பேச்சில் அச்சேறிவிட்டது. வகுப்பறை மட்டும் இன்னமும் அதைச் சிவப்பு மையில் சுழிக்கிறது.

மாலைப்பள்ளி நடத்துகிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒருநாள் காலனிப் பாட்டி ஒருத்தரை வாத்தியார் நாற்காலியில் உட்காரவைங்க. நடவு, சாவு, பஞ்சம், எதைப்பத்தியும் பேசட்டும். பிள்ளைகள் அதை அப்படியே எழுதட்டும், யாரும் திருத்த வேண்டாம். பாட்டிக்கு அன்றைய கூலியைக் கையில் கொடுத்து அனுப்பணும்.