கணினியில் மறைந்து கிடந்த தமிழ்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இருக்கும் கணினியைப் பற்றியது. புதிது புதிதாக வரும் மென்பொருள்களைப் புகழ்வது எமது நோக்கமன்று. முன்னே எழுதி வைத்தவற்றை இழவாதிருக்கும் வழியைக் கூறுவதே நோக்கமாகும்.

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றை ஒளியாது உரைக்கின்றோம். நமது வித்தியா நிதிக்கு 2003-ஆம் ஆண்டில் மூலதனம் அளித்துக் காலஞ்சென்ற அன்பர் ஒருவரின் மனைவியார், தம் கணவர் விதித்த நிபந்தனை யாதென எம்மை வினவினார். காகிதப் பிரதியைக் கறையான் அரித்துவிட்டது. கணினியிலிருந்த பிரதியைத் திறந்தோம். தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பொருளின்றி நிரம்பிக் கிடந்தன. கோப்புக் கெட்டதென்றெண்ணி அதனை அழிக்கவும் துணிந்தோம். அச்சுத்தொழில் அறிந்த இளைஞர் ஒருவர் எம்மைத் தடுத்தார்.

அவர் விளக்கியது இது. கணினி எழுத்தின் வடிவை அறியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணையே சேமித்து வைக்கும். முற்காலத்தில் பாமினி முதலிய எழுத்துருக்களைச் செய்தோர், ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்தனர். அவ்வெழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தோன்றும். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தே தோன்றும். திஸ்கி, டாம், டாப் என வேறு முறைகளும் வழங்கின. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க, இருவரிடமும் ஒரே எழுத்துரு இருத்தல் வேண்டும். ஆதலின், கோப்புக் கெடவில்லை. அதைப் படிக்கும் திறவுகோலையே யாம் இழந்திருந்தோம்.

இக்குறையை நீக்க வந்ததே யூனிகோடு என்னும் பொதுமுறை. உலக மொழிகளின் எழுத்துக்கள் ஒவ்வொன்றற்கும் தனியெண் வகுக்கும் அம்முறையில், 1991-ஆம் ஆண்டு வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. தமிழ்நாட்டு அரசினர் 1999-இல் தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் டாம், டாப் முறைகளையும் ஏற்றனர். 2010-இல் யூனிகோடை அங்கீகரித்தனர். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், முன்பு திஸ்கியில் வழங்கிய பழந்தமிழ் நூல்களைப் பின்னர் யூனிகோடில் வழங்கலாயினர். பழைய நூல்களைக் காப்பவர் செய்த அக்காரியத்தை நாமும் நம் வீட்டு ஏடுகளுக்குச் செய்யவேண்டாமா?

செய்யும் முறை கடினமன்று. முதலில், மூலக் கோப்பைத் தொடாது அதன் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்க. அக்கோப்பில் எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டிருப்பின், அதனை அறிந்துகொள்க. பின்பு, எழுத்துரு மாற்றி என்னும் கருவியில் இட்டு யூனிகோடாக மாற்றுக. இத்தகைய கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மாற்றியபின் ஒருமுறை முழுதும் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. பழைய முறைகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னே பதிக்கப்பட்டன. யூனிகோடிலோ பின்னே பதிக்கப்படும். கருவி பிசகினால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தாகிச் சிதைவதுண்டு. பெயர்களில் நேரும் பிழையே பெருங்கேடு விளைவிப்பதாதலின், அவற்றை இருவர் சேர்ந்து ஒப்புநோக்குதல் நன்று.

ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். திருமணப் பதிவேடு, ஜாதகம், கடன் பத்திரம் முதலியவற்றை முன்பின் அறியாத இணையதளத்தில் இடுதல் தகாது. அங்கே இட்டது எங்கே தங்குமென நாம் அறியோம். அத்தகையவற்றுக்கு, நம் கணினியிலேயே நிறுவி, இணையத் தொடர்பைத் துண்டித்தும் இயக்கக்கூடிய கருவியே உரியது. இனி எழுதுவன யாவும் யூனிகோடிலேயே எழுதப்படுக. விண்டோஸ் முதலிய இயங்குதளங்களிலேயே தமிழ் விசைப்பலகை உண்டு. எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருள் போதுமானது. எழுதியதை மூன்று பிரதிகளாக்கி, அவற்றுள் ஒன்றை வேறு இல்லத்தில் வைத்தல் விவேகமாகும்.

இனி, அவ்வம்மையார் வினவியதற்கு வருவோம். கோப்பு மாறி வந்தது, நிபந்தனையைப் படித்தோம். தந்தையை இழந்த பெண்மக்களுக்கே அந்நிதியில் முதலுரிமை என எழுதப்பட்டிருந்தது. யாமோ பல ஆண்டுகளாக மதிப்பெண் ஒன்றையே நோக்கி அந்நிதியைப் பகிர்ந்து வந்தோம். கொடுத்தவர் சொல் எம் கையிலேயே இருந்தது. படிக்கத் தெரியாமையால் அதனை மீறினோம். அம்மையாரிடம் பிழை பொறுக்க வேண்டினோம். இவ்வாண்டு முதல் அந்நிபந்தனைப்படியே நிதி வழங்கச் செயற்குழு தீர்மானித்திருக்கின்றது.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பழைய கணினியிலும் குறுந்தகட்டிலும் தந்தையார் எழுதிய கடிதமோ, பாட்டியார் சொல்லக் கேட்டு எழுதிய வமிசாவளியோ இவ்வாறே மறைந்து கிடக்கலாம். விளங்கவில்லை என்பதற்காக எதனையும் அழித்துவிடாதீர்கள். நமது இளைஞர்கள் விடுமுறை நாட்களில் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, கொணர்வோர்க்கெல்லாம் உதவ முன்வருமாறு வேண்டுகின்றோம். முன்னோர் சொல்லைப் படித்தறிந்தாலன்றி, அதன்படி நடத்தல் எங்ஙனம் கூடும்?