அடிமாட்டு விலைக்கு ஒரு படம்

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2010-ல் சிவில் முடித்து இந்தக் கல்லூரியை விட்டுப் போனவன் நான். நம் செயலாளர் போன் செய்து, "பாலம் கட்டுறதைப் பத்திப் பேசுப்பா" என்றார். பாலத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அதைப் பேச எனக்குத் தைரியம் இல்லை. "போட்டோவைப் பத்திப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். "பேசு, ஆனா கால் மணி நேரம்தான்" என்றார். பார்க்கலாம்.

நாங்கள் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் லேபில் நுழைந்தால் எல்லாத் திரையிலும் ஒரே படம் இருக்கும். பச்சைப் புல்மேடு, நீல வானம், வெள்ளை மேகம். விண்டோஸ் எக்ஸ்.பி. படம். வரைந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. 1996-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சோனோமா பகுதியில் சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் காரில் போகும் வழியில் இறங்கி, பிலிமில் எடுத்த படம் அது. அதை அவர் ஒரு பட ஏஜென்சியில் கொடுத்து வைத்திருந்தார். அந்த ஏஜென்சி பிறகு பில் கேட்ஸ் தொடங்கிய கார்பிஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2000-ல் மைக்ரோசாப்ட் படத்தின் முழு உரிமையையும் கேட்டது. விலை எவ்வளவு என்று இன்றுவரை வெளியில் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறார்கள். அந்தப் பிலிமின் மதிப்புக்கு இன்ஷூரன்ஸ் கட்டி எடுத்துப்போக எந்தக் கூரியர் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாமல், அவரே விமானம் ஏறிப் போய் சியாட்டிலில் கொடுத்தாராம்.

ஒரு படத்துக்கு அப்படி ஒரு விலை இருந்த காலம் அது. அதிலிருந்து பத்தே வருடத்தில் ஒரு படம் 25 சென்ட்டுக்கு எப்படி வந்தது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

பட ஏஜென்சி என்பது வேறு ஒன்றும் இல்லை, நம்ம ஊர் கமிஷன் மண்டி. படக்காரர் சரக்கைக் கொண்டுபோய் இறக்குகிறார். பத்திரிகை, விளம்பரக் கம்பெனி, பாடநூல் பதிப்பகம் என்று யாருக்குத் தேவையோ அவர்கள் வந்து எடுக்கிறார்கள். மண்டிக்காரர் தரகு போக மிச்சத்தைக் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் எந்த நாட்டில், எந்தப் பக்கத்தில், எத்தனை பிரதி, எத்தனை மாதம் என்றெல்லாம் கேட்டு அதற்கேற்ப விலை போடுவார்கள். அடுத்த வகை, ஒருமுறை காசு கொடுத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது. இதை ராயல்டி ஃப்ரீ என்பார்கள். பெயரைப் பார்த்து இலவசம் என்று நினைக்க வேண்டாம்.

2000-ல் கனடாவின் கால்கரி நகரில் ஐஸ்டாக்போட்டோ வந்தது. முதலில் படக்காரர்கள் தங்களுக்குள் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு விலை வைத்தார்கள், ஒரு டாலர் அளவில். 2003-ல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் வந்து சந்தா முறையைப் பரப்பியது. ஒரு காலத்தில் மாதம் சுமார் 250 டாலர் கட்டினால் நாளொன்றுக்கு 25 படம் இறக்கிக்கொள்ள முடிந்தது. கணக்குப் போடுங்கள். மாதம் 750 படம், ஒன்று 33 சென்ட். ஹோட்டலில் அன்லிமிடெட் மீல்ஸ் போல. எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டால் முதலாளிக்கு நஷ்டம். ஆனால் யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. அந்த மிச்சத்தில்தான் அவர்கள் லாபம். படக்காரருக்கு இறக்கத்துக்கு 25 சென்ட்டில் ஆரம்பித்து 38 சென்ட் வரை கிடைத்தது.

2009 ஏப்ரல் மாதம் டைம் பத்திரிகை சிக்கனத்தைப் பற்றி ஒரு அட்டைப்படக் கட்டுரை போட்டது. அட்டையில் சில்லறைக் காசு போட்ட கண்ணாடி ஜாடி. ஐஸ்டாக்கில் வாங்கிய படம் அது. எடுத்தவருக்குக் கிடைத்தது 30 டாலர். உலகப் புகழ் பெற்ற பத்திரிகையின் அட்டைக்கு 30 டாலர்! தொழில்முறைப் படக்காரர்கள் கொதித்தார்கள். எடுத்தவரோ, டைம் அட்டையில் தன் படம் வந்ததே போதும் என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் அதே சந்தோஷத்தில் நானும் இருந்தேன். இனி என் கதை.

2011-ல் முதல் வருடச் சம்பளத்தில் ஒரு கேனான் 1100டி வாங்கினேன். வேலை பால சைட்டில். ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் இல்லை. கம்பி கட்டுகிறவர்கள், கான்கிரீட் கலவை, சாரம், கிரேன் என்று எடுத்துத் தள்ளினேன். நண்பன் ஒருவன் சொல்லி ஒரு ஏஜென்சியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஒரு படம், மேஸ்திரியின் கை மட்டும் தெரியும். கரணை, அதன் முனையில் ஈரக் கலவை. முகம் தெரியாததால் சம்மதப் படிவம் தேவைப்படவில்லை. அது விற்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் 30 சென்ட், அன்றைய மதிப்பில் 16 ரூபாய். முதல் 16 ரூபாய் வந்த அன்று சைட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன். டீ செலவு 120 ரூபாய். அப்போதே எனக்குக் கணக்கு உறைத்திருக்க வேண்டும்.

2016 பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். பைபாஸ் ரோட்டில் ஒரு சிமெண்ட் கடை போர்டு. இருபதடி அகலத்தில் என் படம்! வண்டியை நிறுத்தி அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். நேரே ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் போனேன்.

அண்ணாச்சி யார் என்று எங்கள் பேட்ச் மட்டுமல்ல, நம் கல்லூரியின் எல்லா பேட்சும் அறியும். ஹாஸ்டல் டே, கான்வகேஷன், குரூப் போட்டோ எல்லாம் அவர்தான். "கண்ணை மூடாதீங்கய்யா" என்று அவர் சொன்ன பிறகும் கண்ணை மூடிய முகங்கள் இந்த அரங்கில் நிறைய இருக்கின்றன. போட்டோகிராபி கிளப்புக்குச் சனிக்கிழமைதோறும் வந்து காசு வாங்காமல் எங்களுக்கு வெளிச்சம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு காலத்தில் சிவகாசி காலண்டர் அச்சகங்களுக்கு அருவி, வயல் என்று ஸ்லைடு எடுத்து விற்றவர்.

போர்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது நீங்க எடுத்ததா தம்பி? நல்லா இருக்கு. கைக்கு மேல வெளிச்சம் சரியா விழுந்திருக்கு" என்றார். அப்புறம் கேட்டார்: "எவ்வளவு கிடைச்சுது?"

"இருபது ரூபா இருக்கும் அண்ணாச்சி."

"அந்தக் கடைக்கு வருசா வருசம் நான்தான் படம் எடுத்துக் குடுப்பேன். நாலாயிரம் வாங்குவேன். இந்தத் தடவை நெட்டுல கிடைக்குன்னுட்டாங்க. உங்களுக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்லாமப் போச்சே தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயை நான் குடித்து முடித்தது எனக்குத்தான் தெரியும்.

அன்று இரவு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைப் புரிந்துகொள்ள உட்கார்ந்தேன். ரேட் அனாலிசிஸ்! ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கே பொருள், கூலி, வாடகை, மேல்செலவு, லாபம் என்று பிரித்துப் போடுகிறவன், படத்துக்கு ஏன் போடவில்லை? அன்று தொடங்கி 2019 வரை எழுதி வைத்தேன். ஏற்றிய படம் 1,100. மொத்த வரவு 1,43,000 ரூபாய். கேமரா, லென்ஸ், ஸ்டாண்ட், ஹார்ட் டிஸ்க் செலவு 95,000. மிச்சம் 48,000. எடுக்க, பொறுக்க, திருத்த, ஒவ்வொரு படத்துக்கும் தேடுசொல் எழுத ஆன நேரம் குறைந்தது 1,500 மணி. மணிக்கு 32 ரூபாய். எட்டு மணி நேர நாளுக்கு 256 ரூபாய். அன்று எங்கள் சைட்டில் ஒரு சித்தாளுக்குக் கொடுத்த கூலியில் ஏறக்குறைய பாதி. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். எனக்கு உழக்கு மிஞ்சியது, ஏனென்றால் நான் உழவன் இல்லை. மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 30 சென்ட்டுக்கு என்னால் விற்க முடிந்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் அல்ல, என் சம்பளம். பாலம் கட்டி வாங்கிய சம்பளத்தை வைத்துக்கொண்டு, படம் எடுத்துச் சாப்பிடுகிறவரோடு நான் விலைப்போட்டி போட்டேன். டெண்டரில் மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைத்துப் போட்டால் கூடுதல் பாதுகாப்புத் தொகை கட்டு என்பார்கள். இவன் எப்படி இந்த ரேட்டுக்கு முடிப்பான் என்ற சந்தேகம்தான். படத் தொழிலில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. உலகம் முழுக்க என்னைப் போல் லட்சக்கணக்கான பேர். அத்தனை பேரும் அந்த மண்டியில் கொண்டுபோய்க் கொட்டினோம். மண்டிக்காரர் விலையை இறக்கினார். கொட்டினவர்கள் தாங்களே என்பதால் ரொம்ப நாள் யாருக்கும் கேட்க வாய் வரவில்லை.

பிறகு கேட்டார்கள். 2006-ல் ஐஸ்டாக்கை கெட்டி இமேஜஸ் 50 மில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தது. 2013 தொடக்கத்தில், தங்கள் படங்கள் கூகுள் டிரைவ் பயன்படுத்துகிற எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதைப் படக்காரர்கள் பார்த்தார்கள். கெட்டி கூகுளோடு செய்த ஒப்பந்தம் அது. தங்களுக்குக் கிடைத்தது படத்துக்கு ஒரேயடியாகப் 12 டாலர்தான் என்று பலர் கணக்கைக் காட்டினார்கள். பிப்ரவரி 2-ம் தேதியை நாள் குறித்து, ஆயிரக்கணக்கான படங்களைத் தாங்களே எடுத்துவிட்டார்கள். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் கணக்கை மாற்றியது. இனி விற்ற விலையில் 15 முதல் 40 சதவீதம், குறைந்தபட்சம் 10 சென்ட். அதிலும் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் எல்லோரும் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். இருபது வருட சர்வீஸ் போட்ட சூப்பரின்டென்டிங் இன்ஜினியரை வருடா வருடம் டிரெய்னியாக்கினால் எப்படி இருக்கும்? அதற்கும் பலர் படங்களை மறைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். கம்பெனி மாற்றவில்லை. ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் அந்த இடத்தில் வைக்கப் பத்துப் பேர் படம் இருக்கிறதே.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பழைய ஏஜென்சிகளின் கதவு எனக்கெல்லாம் திறந்திருக்காது. நம்ம ஊரில் உட்கார்ந்து படத்தை உலகத்துக்கு விற்க முடிந்தது இந்த மலிவு மண்டியால்தான். நோட்டீஸ் அடிக்கிற சின்ன அச்சகத்துக்கும், பிராஜெக்ட் ரிப்போர்ட் போடுகிற மாணவனுக்கும் நியாயமான வழியில் ஒரு படம் கிடைத்ததும் இதனால்தான். மலிவாக இருப்பது குற்றம் இல்லை. விலையை முடிவு செய்யும் இடத்தில் எடுத்தவனுக்கு வாயே இல்லை என்பதுதான் குறை.

இப்போது அதற்கும் மேலே ஒன்று. 2022-ல் ஷட்டர்ஸ்டாக், ஓபன் ஏஐ நிறுவனத்தோடு சேர்ந்து, எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் கருவியைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அப்படிப்பட்ட கருவிகள் பழகுவது நாங்கள் ஏற்றி வைத்த படங்களைப் பார்த்துத்தான். அதற்கென்று ஒரு நிதியிலிருந்து படக்காரர்களுக்குப் பங்கு தருவதாகவும் சொன்னார்கள். நாங்கள் ஒப்பந்தத்தில் 'சம்மதம்' என்று தட்டிய நாளில் இப்படி ஒரு உபயோகம் வரும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

ஆகவே தம்பி தங்கைகளே, உங்களுக்கு மூன்று விஷயம். படத்துக்கு மட்டுமல்ல, நாளை நீங்கள் எழுதும் புரோகிராமுக்கும் போடும் டிராயிங்குக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்று, எதைக் கொடுக்கிறீர்கள் என்று படித்துப் பாருங்கள். நம் நாட்டு 1957 காப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். குறிப்பிட்டுவிட்டால் குறிப்பிட்டதுதான்.

இரண்டு, ஒருவர் சொல்லி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அப்படித்தான். கல்யாண வீட்டுக்கு கேமரா தூக்கிப்போகும் தம்பிமார் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று, ஆசைக்குச் செய்கிற வேலைக்கும் ரேட் அனாலிசிஸ் போடுங்கள். இலவசமாகக் கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அந்த விலையில் இன்னொருவர் குடும்பம் நடத்த முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

கணக்கை மூடிவிட்டேன் என்று சொன்னால் கைதட்டுவீர்கள். மூடவில்லை. 2019-க்குப் பிறகு புதுப் படம் ஏற்றவில்லை, அவ்வளவுதான். பழைய கை இன்னும் எங்கேயோ விற்றுக்கொண்டிருக்கிறது. இப்போது கட்டுமானக் கம்பெனிகள் கேட்டால் நேரடியாக, எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துக்கொடுக்கிறேன். நம்ம ஊர் வேலையாக இருந்தால் அண்ணாச்சி ரேட்டுக்குக் கீழே ஒரு ரூபாய்கூடப் போடுவதில்லை. அது அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும், அதோ கதவோரம் ஸ்டாண்டோடு நிற்கிறார்.

இன்று மதியம் குரூப் போட்டோ அவர்தான் எடுக்கிறார். "நாங்களே போன்ல எடுத்துக்கிடுறோம் அண்ணாச்சி" என்று யாரும் சொல்லாதீர்கள். அவர் சொல்கிற விலையைக் கொடுத்து ஆளுக்கொரு பிரதி வாங்குங்கள். தயவுசெய்து கண்ணை மூடாதீர்கள்.